ஐந்து கிராம்

கடிதம் எதுவும் வரவில்லை.
இரவு ஷிப்ட் தொடங்கும் முன்
மேலாளர் அகின்லபி என் தோளில் கை போட்டார்.
அவர் தோளில் கை போட்டால்
யாருக்கோ எதுவோ குறையப்போகிறது.

"ஒசாரெடின், சுழல்கத்திய
கொஞ்சம் வேகமா ஓட விடு."
"எவ்வளவு சார்?"
"அஞ்சு கிராம்."

ஏழு உருளைகள் மாவை நசுக்கி நசுக்கித்
துணியாக்கும்.
சீப்பு அதைக் கிழித்து நூலாக்கும்.
நூல் சுருண்டு, ஆவியில் வெந்து,
என் கத்தியின் கீழே நிற்காமல் போகும்.
வேகம் ஏறினால் துண்டு சிறுக்கும்.
ஏற்றினால் இறங்குகிற அந்த ஒரே திருகு
இந்த ஓட்டா ஊரில்
என் கையில் இருக்கிறது.
நகக்கண் அளவு திருப்பினேன்.
எழுபதாய் இருந்தவை அறுபத்தைந்தாய்
எண்ணெயில் விழுந்தன.
சத்தத்தில்கூட வித்தியாசமில்லை.

காரணம் தெரியாதவன் அல்ல நான்.
கோதுமை கப்பலில் வருகிறது,
கப்பலுக்கு டாலரில் கொடுக்க வேண்டும்,
டாலர் யார் பேச்சையும் கேட்பதில்லை.
பாமாயில் ஏறிவிட்டது.
மின்சாரம் போகும்போதெல்லாம்
பந்திக்கு முந்தும் விருந்தாளியாய்
டீசல் குடிக்கிறது ஜெனரேட்டர்.
விலையைக் கூட்டினால் சந்தை கத்தும்.
எடையைக் குறைத்தால்
பாக்கெட்டில் கொஞ்சம் காற்று கூடும்,
அவ்வளவுதான்.

போன மாதம் போலோன்யாவிலிருந்து
ஆலோசகர் ஒருத்தி வந்தாள். ஒர்னெல்லா.
திரையில் கோடுகள் ஏறின.
கொண்டைக்கடலைப் பாஸ்தா, பருப்புப் பாஸ்தா,
கிழங்கு நாரில் நூடுல்ஸ்,
அதில் கலோரியே இல்லையாம்.
"உலகம் குறைவாகச் சாப்பிட விரும்புகிறது" என்றாள்.
பின்வரிசையில்
பொட்டலப் பிரிவுப் பெண்ணொருத்தி இருமினாள்.
இருமலா சிரிப்பா, தெரியவில்லை.
அங்கெல்லாம் குறைவைப்
பெட்டியின் முகப்பில் பெரிதாக எழுதி
மூன்று மடங்கு விலை வைக்கலாமாம்.
எங்கள் குறைவு
பாக்கெட்டின் பின்மடிப்பில்,
எறும்பு படிக்கும் எழுத்தில்.
பொய் சொல்லவில்லை நாங்கள்.
மெல்லச் சொன்னோம்.

என் மனைவி இத்தோஹான்
சாங்கோ மேம்பாலத்தின் கீழே
நூடுல்ஸும் முட்டையும் விற்கிறாள்.
தட்டுக்கு இரண்டு பாக்கெட்.
வெங்காயத்தைத் தாராளமாக,
மிளகாயை இன்னும் தாராளமாக.
பள்ளி விட்ட பிள்ளைகள்
வேகவைக்கும் வரை பொறுக்காமல்
பாக்கெட்டிலேயே நொறுக்கி
மசாலாத் தூளைத் தூவித் தின்பார்கள்.
அவர்கள் எதையும் கவனிக்கவில்லை.
கவனித்தவன் பைக் டாக்சி ஓட்டும் தெர்ஹெம்பா.
கரண்டியால் தட்டைக் கிளறிப் பார்த்து
"அக்கா, உங்க கை
சின்னதாயிடுச்சா?" என்றானாம்.
பக்கத்துப் பெஞ்சில் சிரித்தார்களாம்.

அன்றிரவு
உலர்ந்த இறால் நிறுக்கும் தராசில்
ஒரு பாக்கெட்டை வைத்தாள்.
முள்ளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"கத்தி உன்கிட்டதானே இருக்கு?"

சட்டையில் எண்ணெய் வாடை, என்று
சொல்லிக்கொண்டே குளிக்கப் போனேன்.
வாளியில் தண்ணீர் இல்லை.
இருந்தாலும்
கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.

மறுநாளிலிருந்து
இன்னொரு பாக்கெட்டை நாலாய் உடைத்து
தட்டுக்குத் தட்டு ஒரு கால் சேர்க்கிறாள்.
பத்து கிராம் போன இடத்தில்
பதினாறு.
"அந்த ஆறு எதுக்கு?" என்றேன்.
"வட்டி" என்றாள்,
முட்டையை உடைத்தபடி.
தெர்ஹெம்பா இரண்டு நண்பர்களோடு திரும்பி வந்தான்.

கம்பெனி என் கையால் எடுத்ததை
என் வீட்டுக் காசு
தட்டுத் தட்டாய்த் திருப்பிக் கொடுக்கிறது.
இந்தக் கணக்கை எந்தத் திரையிலும்
எந்தக் கோட்டிலும் நான் பார்த்ததில்லை.

நேற்று அகின்லபி
மறுபடி தோளில் கை போட்டார்.
"சார், இந்தத் தோள் வலிக்குது" என்று
விலகினேன்.

அவர் கையை
அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.