எண்பத்து நாலு திறப்பு

எங்கள் தொழிலில் அறை என்று எண்ணுவதில்லை,
திறப்பு என்றுதான் எண்ணுவோம்.
பெந்தோட்டையில் நூற்றிருபது திறப்பு,
மாலைதீவில் தண்ணீருக்கு மேலே நாற்பது,
டோஹாவில் முந்நூற்றுப் பத்து.
ஒன்றிலும் நான் இரண்டு இரவுக்கு மேல் படுத்ததில்லை.
இப்போது பண்ணைக் கடலைப் பார்த்தபடி
எண்பத்து நாலு.
ஒரு திறப்புக்கு என்ன செலவென்று
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

தொடங்கியது கொழும்பில், நிலக்கீழ் மாடியில்,
வெளுத்து வந்த படுக்கை விரிப்புகளை எண்ணுகிற வேலை.
கறை என்றால் வலப்பக்கம், கிழிசல் இடப்பக்கம்.
மில்லியன்காரரும் தலையணையில் எச்சில் வடிப்பார்கள் என்பது
அங்கே கற்றது.
பிறகு இருபத்தாறு வருடம், நாலு கம்பனி,
ஒரு கலியாணம்.
அது இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே
தவறிப்போன பெட்டி.
படிவம் நிரப்பிக் கொடுத்தேன். வந்து சேரவில்லை.

ஸ்கார்பரோவில் பிறந்த டிலக்சன்
திரையில் படம் படமாய்க் காட்டினான்.
கூரையெல்லாம் பனையோலைப் பெட்டி,
லிஃப்டுக்குள் நாதஸ்வரம்,
கட்டிலின் தலைமாட்டில் ஒரு பழைய வீட்டுக் கதவு.
"யாழ்ப்பாண உணர்வு, மேடம்."
ஊரை ஆணி அடித்துச் சுவரில் மாட்டாதேங்கோ தம்பி,
ஊர் வெளியில்தான் நிக்குது,
ஜன்னலைப் பெரிசாக்குங்கோ என்றேன்.
கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எந்த வீட்டுக் கதவு என்று மட்டும் கேட்டேன்.
தெரியாது. கொழும்பில்
பழசு விற்கிற கடையில் வாங்கினதாம்.

என் விருப்பங்கள் சொற்பம்.
பிஸ்கற் நிறச் சுவர் கூடாது.
தலையணை இரண்டு போதும், ஏழு வேண்டாம்.
பல்கனியில் பிளாஸ்டிக் கதிரை;
உப்புக் காற்று தேக்கைத் தின்னும், அதைத் தின்னாது.
குளியலறையில் ஒரு வாளி, ஒரு கோப்பை.
நட்சத்திரம் கொடுக்க வருகிறவர்கள் சிரிக்கட்டும்.
படுத்தபடியே கையெட்டுகிற இடத்தில்
எல்லா வெளிச்சத்தையும் அணைக்க
ஒரே ஒரு சுவிட்ச்.
மின்சாரமில்லாத ஐந்து வருடம்
ஜாம் போத்தல் விளக்கில் படித்தவளுக்கு
இருட்டு தன் கையால்தான் வரவேணும்.

மாதிரி அறையில் நேற்று நானே படுத்துப் பார்த்தேன்.
சுவிட்ச் எட்டு அங்குலம் தள்ளி.
இரவு பதினொன்றே காலுக்குக் கிருபாகரனை எழுப்ப
சாரத்தோடு வந்தார், உளியோடும் வந்தார்.
"இதுக்கே, இந்த நேரத்திலயே?"
இதுக்குத்தான்.
வெள்ளையடித்து மூன்று நாள் ஆன சுவர்
கட்டிலெங்கும் கொட்டியது.

திறப்பில்தான் தோற்றேன்.
பித்தளையில் கேட்டேன், கையில் பாரம் தெரிகிற மாதிரி,
வெளியே போகிறவர் வரவேற்பு மேசையில்
டொக்கென்று வைத்துவிட்டுப் போக.
நிதிப் பிரிவு அட்டைதான் என்றது.
தொலைந்தால் அழித்துவிடலாம், மேடம்,
அரை நிமிடம் காணும்.

தொண்ணூற்றைந்தில் அம்மா பூட்டிக்கொண்டு வந்த திறப்பு
என் கைப்பையில்தான் கிடக்கிறது,
லிப்ஸ்டிக்கோடும் பழைய போர்டிங் பாஸ்களோடும்.
முதலில் கதவு இல்லாமல் போனது, பிறகு வீடு.
அந்தக் காணியில் இப்போது தொலைபேசிக் கோபுரம்.
மாத வாடகை பிந்தாமல் எனக்கே வருகிறது.
குறை சொல்ல ஏதுமில்லை.

காலையில் குறைப்பட்டியல் எழுதினோம்.
ஒன்று, குழாய்த் தண்ணீர் உவர்; ஷவரின் வாய் வெள்ளை பூத்துவிடும்.
நாலு, திரைச்சீலை நிலத்தைத் தொடவில்லை.
ஒன்பது, கட்டிலில் சுண்ணாம்பு (அது என் குறை).
பதினேழு, கதவு சத்தமில்லாமல் சாத்துகிறது.

டிலக்சன் பேனையை நிறுத்தினான்.
"இது குறையா, மேடம்? இதுக்குத்தானே
ஜெர்மனியிலிருந்து பிணைச்சல் எடுப்பித்தது?"
எழுதுங்கோ.
பூட்டினது காதுக்குக் கேக்கவேணும்.

எழுதினான்.
பக்கத்தில் சின்னதாய்
ஒரு கேள்விக்குறியும் போட்டான்.