அந்தியூர், அறை எண் ஏழு

மைக்ராஸ்கோப்பைச் சாக்கில் சுற்றி
எடுத்துப் போய்விட்டார்கள்.
மேசையில் அது இருந்த இடம் மட்டும்
தூசியில்லாமல்.

இனி ரத்தம் எடுப்பதோடு சரி.
பார்கோடு ஒட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கினால்
பதினொன்றரைக்கு வேன்.
பவானி தாண்டி ஈரோட்டில்
ஏழு ஊர் ரத்தத்துக்கும்
ஒரே இயந்திரம்.

"நம்முளுது மாறிப்போயிராதுங்களே?"
மஞ்சள் வேகவைத்த கையை நீட்டியபடி
சென்னியப்பன் கேட்டார்.
மாறாதுங்க என்றேன்.

மாற்றி எழுதியவள் நான்தான்,
ஒரே ஒருமுறை,
காய்ச்சல் கூட்டம் வாசல்வரை நின்ற ஐப்பசியில்.
பேரேட்டில் அந்தப் பக்கம்
இன்னும் இருக்கிறது.

மூன்று மணிக்கு
அவர் செல்பேசியிலேயே முடிவு வந்துவிட்டது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில்
கட்டைவிரல்
இல்லாத எண்ணியை அழுத்துகிறது:
நியூட்ரோபில், நியூட்ரோபில்,
லிம்போசைட்,
நியூட்ரோபில்.