தாழ்ப்பாள் இருந்த இடம்

முனிர்க்கா, மூன்றாவது மாடி.
நாற்பத்தொரு படி, முப்பதாவது மட்டும் உயரம் கூட.
புதிதாக வருகிறவர்கள் அங்கே தடுக்குவார்கள்.
தன்வர் சாரும் தடுக்கினார்.
லைசென்ஸுக்குப் பார்வையிட ஆள் வந்தாயிற்று என்று
அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விண்ணப்பத்தில் எங்கள் தொழில்
முடிதிருத்தகத்துக்குக் கீழே,
இறைச்சிக் கடைக்கு மேலே.
ரின்பூயி வாசித்துவிட்டுச் சிரித்தாள்:
சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் அக்கா,
மயிருக்கும் சதைக்கும் நடுவில்.

பெயர்: பூங்காவனம்.
கணவர் பெயர்: கோடு போடு என்றேன்.
பார்வை:
அதற்குக் கட்டமே இல்லை.

அறைகளில் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும்.
ஸ்விட்ச் எங்கே என்றார்.
நாலு வருஷமாக இந்த அறையில் நிற்கிறேன்,
சத்தியமாகத் தெரியவில்லை.
சுவரைத் தடவி அவரே கண்டுபிடித்தார்.
டிக்.
பிறகு ஒன்றும் இல்லை.
பல்ப் எப்போதோ போயிருக்கிறது.
ஜன்னல் வெளிச்சம் போதுமென்று இருந்தார்களோ,
எனக்காக விட்டுக்கொடுத்தார்களோ,
படுத்து எழுந்த ஒருத்தியும் சொன்னதில்லை.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது.
அது நாங்கள் போட்ட தாழ்ப்பாள், சார்.
போன ஹோலிக்கு முந்தின ராத்திரி
நாலு பேர் குடித்துவிட்டு வந்து
ரின்பூயியை எந்த நாட்டுக்காரி என்று கேட்டுக்
கதவை உதைத்தார்கள்.
நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம்
முதுகு கொடுத்து நின்றோம், விடியும்வரை.
மறுநாள் கடைத்தெருவில் நூற்றறுபது ரூபாய்,
கனத்த இரும்பு, நான் தட்டிப் பார்த்து வாங்கியது.
இதை யாருக்காகக் கழற்றச் சொல்கிறீர்கள்?
உங்கள் பாதுகாப்புக்குத்தான், என்றார்.
ஸ்பானரை நானே எடுத்துக் கொடுத்தேன்.
போல்ட் இருந்த ஓட்டை நாலு,
சுண்டுவிரல் நுனி போகும்.
டிசம்பரில் அதில் காற்று ஊதப் போகிறது.

வருகிறவர் பெயர், முகவரி, அடையாள அட்டை.
அட்டை என்றதுமே பாதிப் பேர்
படியிலிருந்து திரும்பிவிட்டார்கள்.
ஒரு பெண் மட்டும் சனிக்கிழமைதோறும் வருகிறாள்,
அட்டையை மறந்துவிட்டேன் என்பாள்,
வாரம் ஒரு பெயர் சொல்வாள்,
ரின்பூயி எழுதிக்கொள்வாள்.
கை வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்:
இடது தோளுக்குக் கீழே பழைய தையல்,
விலாவில் புதிதாக ஏதாவது ஒரு வீக்கம்.
முதுகு பொய்ப் பெயர் சொல்லாது.
பதிவேட்டில் இதுவரை அவள் பதினொரு பேர்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.
இதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது.
சட்டென்று நாடாவை எடுத்து
கூரை உயரம் அளக்கப் போனார்.
சட்டை உரசும் சத்தம் பாதியில் நின்றது.
நாடா சுருண்டு விழுந்தது.

வலது தோளா? மூன்று மாதமா?
நாலு, என்றார்.
சொன்ன பிறகுதான்
யாரிடம் சொன்னோம் என்று யோசித்தார்.
கொஞ்ச நேரம் கழித்து,
ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை, என்றார்,
குரலில் அலுவலகம் இல்லாமல்.
என் கை இரண்டும் மடியிலேயே இருந்தன.
அந்த வலியின் முடிச்சு எங்கே இருக்கும் என்று
கட்டைவிரலுக்குத் தெரியும்.
கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை தில்பாக் வருவான் சார்,
ஆம்பளை, நல்ல கை.
அவன் சான்றிதழ் இன்னும் சரிபார்க்கவில்லையே,
என்றவரும் அவர்தான்.
உயரத்தை அளக்காமலே எழுதிக்கொண்டு போனார்.
முப்பதாவது படியில், இறங்கும்போதும்.

ஏழு வாரம் கழித்து லைசென்ஸ் வந்தது.
பலரும் பார்க்கும் இடத்தில் மாட்ட வேண்டுமாம்.
சுவரில் இருந்தது ஒரே ஆணி,
என் சால்வை தொங்கிய ஆணி.
பழக்கத்தில் கை இப்போதும் அங்கேதான் போகிறது;
கண்ணாடி, சில்லென்று, வழவழவென்று,
என் விரலுக்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

சால்வையைக் கதவின் மேல் போட்டிருக்கிறேன்,
நாலு ஓட்டையும் மூடும்படி.
அதற்கு விதி இருக்கிறதா தெரியாது.
மார்ச்சில் புதுப்பிக்க வருவார்கள்.
அப்போது கேட்டுக்கொள்ளலாம்.