ஒன்பதாம் வாய்ப்பாடு

உமி நீக்கும் இயந்திரத்துக்காக
பெகுவில் நாங்கள் போட்ட சிமெண்ட் மேடை இது.
நான்கு போல்ட்டுகள் வானம் பார்த்து நிற்கின்றன.
மாதம் ஒருமுறை எண்ணெய் பூசுகிறேன்.
எஞ்சின் வரவில்லை.

எண்பத்தேழு செப்டம்பர், ஒரு சனிக்கிழமை.
வானொலி சொன்னது:
இருபத்தைந்து செல்லாது, முப்பத்தைந்து செல்லாது,
எழுபத்தைந்தும்.
மாற்றித் தருவதாக ஒரு வார்த்தை இல்லை.
எங்கள் பிஸ்கட் டின்னில் இருந்ததெல்லாம்
எழுபத்தைந்துதான்.
அஞ்சலாட்சி ஒருமுறை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
கணக்கு சரியாகவே இருந்தது.

பிறகு நாற்பத்தைந்தும் தொண்ணூறும் அச்சாகி வந்தன.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்க ஒரு ஜன்னல் இருந்திருந்தால்
வரிசை கடைத்தெரு வரை நின்றிருக்கும்.
சில்லறை கொடுத்துக் கொடுத்தே
என் மகன் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் புலியானான்.
எங்கள் வீட்டுக்கு வந்த வளர்ச்சி அதுதான்.

அதற்குப் பின் காகிதத்தை இரவு தங்கவிட்டதில்லை.
பொழுது சாய்வதற்குள்
தகரமாகும், உப்பாகும், குந்துமணித் தங்கமாகும்.
தெருவில் எல்லோரும் அப்படித்தான்.
கட்டிலுக்கடியில் தகரம் துருப்பிடிக்கிறது,
கூரையாகாமலே.

நேற்று வங்கியிலிருந்து மா தீரி வந்தாள்.
கெட்டிக்காரப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.
ஐந்து வருடம் போட்டுவையுங்கள் ஐயா,
நீண்ட காலத்துக்கு வட்டி அதிகம்.

ஐந்து வருடத்துக்கு
எத்தனை சனிக்கிழமை அம்மா?

சிரித்துக்கொண்டே போனில் தட்டினாள்.
இருநூற்று அறுபத்தொன்று.

ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், பழக்கம்.
மிச்சம் ஒன்றுமில்லை.