ஆறாயிரம் ஹெர்ட்ஸ்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
இருபத்திரண்டு வருஷம் கிரைண்டர் பிடித்தேன்.
ஆலை என்னை விட்டுவிட்டது,
சத்தம் விடவில்லை.

முதலில் இடது காதில்தான்.
விசில் அடிப்பதற்கு முன்
குக்கர் ஒரு மூச்சு இழுக்குமே, அது.
எழுந்து போய் அடுப்பை அணைக்கப் பார்த்தேன்.
அடுப்பு எரியவேயில்லை.

பூங்காவனம் நல்லெண்ணெயில்
பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி
இரண்டு சொட்டு விட்டாள்.
பூண்டு வாசத்தோடு ஒலித்தது.

வாலாஜா மருந்துக்கடைக்காரர்
தலைசுற்றல் மாத்திரையில் பத்து கத்தரித்துக் கொடுத்து
"இதுக்கும் கேக்கும்" என்றார்.
கேட்டது.
அதேதான் கேட்டது.

ஆற்காட்டில் ஒருவர்
வண்டு புகுந்திருக்கும் என்று தண்ணீர் பீய்ச்சினார்.
அழுக்கு வந்தது.

மச்சான் கோதண்டம் மட்டும் கும்பிட்டான்:
"சாமியாருங்க மலையேறித் தவம் கெடந்து கேக்குற நாதம்யா,
ஒனக்குச் சும்மா வருது."
எடுத்துக்கொள் என்றேன்.
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் வருஷம் வேலூருக்கு வந்தோம்.
பாலாற்றுப் பாலத்தில் பேருந்து நின்றபோது
கீழே மணல் மட்டும்.
ஆஸ்பத்திரி வரிசையில்
முன்னாலும் பின்னாலும் வங்காளத்துக் குடும்பங்கள்.
எனக்கு எல்லா மொழியும் ஒன்றுதான்,
ச, ஸ, த எதுவும் விழாது.

பரிசோதனை அறைக்கு
ஐஸ் கம்பெனிக் கதவு மாதிரிக் கனத்த கதவு.
மூடியதும் ஊரே போய்விட்டது.
நானும் அதுவும்
முதன்முறையாகத் தனியாக உட்கார்ந்திருந்தோம்.

கண்ணாடிக்கு அப்பால் லிஸ்மோள்,
கோட்டயத்துப் பெண்.
"கேட்டா மாத்ரம் பட்டனை அமுக்கணும் அண்ணா."
அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
அவள் எதையும் அனுப்பவில்லையாம்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்,
லாங் பஜாரில்
புடவைக்கு ரவிக்கைத்துணி பொருத்துவது போல.
இதா? இல்லை, கொஞ்சம் தடிமன்.
இதா? இன்னும் மெலிசு.
இதா?
என் தலைக்குள் இருந்தது
வெளியிலிருந்து வந்தது.
அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

"ஆறாயிரம் ஹெர்ட்ஸ்.
உங்க காது கேக்கிற எல்லைக்கு மேலே
ஆறு டெசிபல்."

வெறும் ஆறா?
மூன்று வருஷத் தூக்கத்துக்கு ஆறா?

"நான் கேக்கலாமா?" என்றாள் பூங்காவனம்.
கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு
கருவியைத் தலையில் மாட்டினாள்.
மூன்று எண்ணுவதற்குள் பிடுங்கிப் போட்டாள்.
"இன்னாய்யா இது?
இத்த வெச்சுக்கினா தூங்கினே?"
தூங்கலை என்றேன்.

லிஸ்மோள்தான் விளக்கினாள்:
என் எல்லை ஐம்பதில் இருக்கிறது,
அதற்கு மேலே ஆறு.
பூங்காவனத்தின் நல்ல காதுக்கு
அது ஐம்பத்தாறு.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.
இதை அழிக்க மாத்திரை இல்லை.
காதுக்கருவி போட்டால்
வெளிச்சத்தம் உள்ளே வரும்,
இது கொஞ்சம் ஒதுங்கி உட்காரும்.
ராத்திரியில் சின்னதாக ஏதாவது ஓடட்டும்,
அமைதிதான் இதற்குத் தீனி.
வாரம் ஒருமுறை வந்து பேசுங்கள்.
சத்தம் போகிறதோ இல்லையோ
அதைப் பார்த்துப் பயப்படுவது போகும்,
மெல்ல.

இரண்டு காதுக்கும் விலை கேட்டோம்.
ஒரு காதுக்கு வாங்கினோம்.

மார்கழியில் ஃபேன் போட்டால்
பூங்காவனத்துக்கு இருமல்.
அதனால் செல்போனில் மழை வைத்தாள்,
எட்டு மணி நேர மழை.
அது பெய்துகொண்டிருக்க
இது தாழ்வாரத்தில் ஒண்டியது போல இருந்தது.

விடிகாலையில் அவள் பக்கம் காலியாயிருந்தது.
கருவியை மாட்டினேன்.
மொட்டை மாடியில்
உலர்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு
வறண்ட வானத்தைப் பார்த்து
அவள் என்னைத் திட்டுவது கேட்டது.
ச, ஸ, த
எல்லாம் கேட்டது.