அறுபத்திரண்டு கிலோ

டோர்மன் புது வண்டி வாங்கினான்.
பின்கதவு என் மார்பளவு உயரம்.
பனியில் சிக்காது என்றான்.
சிக்காதுதான்.
நாய் எப்படி ஏறும் என்று மட்டும்
விற்றவனும் சொல்லவில்லை,
வாங்கியவனும் கேட்கவில்லை.

கேப்லின் என்று பெயர் வைத்தது நான்.
கோடையில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில்
அலையோடு வந்து புரளும்
சாண் நீள மீனின் பெயர்.
வைத்த அன்று அவன்
என் ரப்பர் பூட்ஸ் ஒன்றுக்குள் முழுதாக அடங்கித் தூங்கினான்.
இப்போது அறுபத்திரண்டு கிலோ.
நனைந்தால் எழுபது.

விவாகரத்தில் வீடு எனக்கு, படகு அவனுக்கு.
நாயை நீதிபதி எங்களிடமே விட்டுவிட்டார்.
ஒரு வாரம் தீவில் அவனோடு,
ஒரு வாரம் இக்கரையில் என்னோடு.
ஞாயிறு நாலு மணிக்கு ஃபெர்ரித் துறையில்
வண்டிகள் வரிசை கட்டும் இடத்தில்
வாரைக் கைமாற்றுவோம்.
"சாப்பிட்டானா?"
"சாப்பிட்டான்."
அதற்கு மேல் மூன்று வருஷம்
ஒரு சொல் செலவாகவில்லை.

முன்பெல்லாம் ஒரே தாவு.
வண்டி ஒருமுறை உட்கார்ந்து எழும்.
போன அக்டோபரில்
முன்னங்கால்களைத் தூக்கி வைத்துவிட்டு
அப்படியே நின்றான்,
கடன் கேட்க வந்து வாசலில் தயங்குகிறவன் மாதிரி.
இடுப்பெலும்பு தேய்ந்திருக்கிறதாம்.
ஏறுவதைவிட இறங்குவதுதான் கெடுதல்,
குதிக்கிற ஒவ்வொரு தடவையும்
மொத்த எடையும் முன்தோளில் விழுகிறது
என்றார் டாக்டர் பெனல்.

டோர்மன் சாய்பலகை ஒன்று வாங்கி வந்தான்.
அலுமினியம். மடக்கினால் பெட்டி.
கேப்லின் ஒரு பாதம் வைத்தான்,
டங்கென்றது,
எடுத்துக்கொண்டான்.
மீன் துண்டு காட்டினோம்.
பழைய கம்பளத்தை வெட்டி ஒட்டினோம்.
டோர்மனே நாலு காலில் ஏறிக் காட்டினான்;
டிக்கெட் கிழிக்கும் பையன் கைதட்டினான்.
கேப்லின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் தூக்கினோம்.
நெஞ்சுப் பக்கம் அவன், பின்பக்கம் நான்.
"முதுகை வளைக்காதே ஐவி, முட்டியை மடக்கு."
வயிற்றடி ஈர முடிக்குள் துழாவிய என் விரல்
பிடித்தது அவன் மணிக்கட்டை.
விட்டால் நாய் விழும்.
விடவில்லை.

ஒன்று, இரண்டு...
மூன்றிலேயே தூக்குவதா,
மூன்று சொல்லி முடித்தபின் தூக்குவதா
என்று சோபா நகர்த்திய நாளெல்லாம் சண்டை போட்டவர்கள் நாங்கள்.
அன்று சரியாக வந்தது.
யாருடைய மூன்று என்று தெரியவில்லை.

இறக்கும்போதும் அப்படித்தான்.
அக்கரையில் தம்பி கார்லண்ட் கைகொடுக்கிறான் என்றான்.
என் கார் தாழ்வு, கவலை இல்லை.
ஞாயிறுதோறும் ஒரு தூக்கு.
மூச்சு வாங்கும் நேரத்துக்கு
இரண்டு மூன்று வாக்கியம்:
கூரை ஒழுகுகிறதா, உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா.

ஜனவரி கடைசி ஞாயிறு.
நாயை ஏற்றி முடித்தோம்,
காற்று அதிகம், ஃபெர்ரி இல்லை என்று பலகை மாட்டினார்கள்.
கேப்லினுக்குக் கம்பளி போர்த்தலாம் என்று
நான் பின்னால் ஏறினேன்.
தார்ப்பாய் ஒரு மூலையில் விலகிக் கிடந்தது.
அடியில் சாய்பலகை.

ஒட்டிய கம்பளம் நடுவில் தேய்ந்து நூல் தெரிந்தது.
அடிமுதல் நுனிவரை நகக் கீறல்.
கறுப்பு முடி, அப்பி அப்பி.
இரண்டு மாசத்துக்குக் குறையாமல்
ஒரு பெரிய மிருகம்
ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்த வழி.

கேப்லின் வேறு பக்கம் பார்த்தான்.
கீழே டோர்மன் கையுறையைக் கழற்றினான்,
மறுபடி போட்டுக்கொண்டான்.

தார்ப்பாயை இழுத்து மூடினேன்.
காற்றில் பறக்காதபடி
உப்பு மூட்டையை மூலையில் நகர்த்தி வைத்தேன்.
இறங்கி, நாயின் பின்பக்கம் கைகொடுத்து நின்றேன்.

"என்ன பார்க்கிறாய்," என்றேன்.
"முட்டியை மடக்கு."