ஆறு அங்குலம்

அணைச் சுவரில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு.
அதற்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது.
மீனுக்கு, நண்டுக்கு,
பாறையில் ஒட்டிய பாசிக்கு
ஆறு அங்குலம் விட்டுவைக்க வேண்டும்.
மிச்சமெல்லாம் குழாய்க்கு.
நான் இரவுக் காவல்.
மணிக்கொரு தரம் டோர்ச் அடித்துப் பார்த்துக்
கொப்பியில் எழுதுவேன்:
ஆறு அங்குலம். ஆறு அங்குலம். ஆறு அங்குலம்.

அறிக்கையைத் தைனேஸ் போனில் காட்டினான்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பதினொரு வகை மீன், நாலு வகைத் தவளை,
அதில் ஒன்று உலகத்திலேயே இங்கு மட்டும்தானாம்.
பணிய லயம் எங்கே என்று கேட்டேன்.
மேலும் கீழும் தள்ளித் தேடினான்.
வரைபடத்தில் இருந்தது, பன்னிரண்டு சின்னச் சதுரம்:
'கட்டடம். கம்பனி உடைமை.'
உள்ளே ஆள் இருப்பதாக எழுதவில்லை.
உறுதி இல்லாத காணிக்கு என்ன நட்டஈடு என்று
கிளாக்கர் ஐயா சிரித்துக்கொண்டுதான் கேட்டார்,
கோபப்படவும் வரவில்லை.

சுரங்கத்துக்கு வெடி வைத்த மாதம்
எங்கள் காம்பராச் சுவர் கீறியது.
கீறலில் சீப்பைச் செருகி வைத்தாள் குணவதி.
மறுமாதம் சீப்பு உள்ளே விழுந்துவிட்டது.

பீலி நூலாய் இளைத்தது.
பெரட்டுக்கு நிற்பதுபோல் குடங்கள் நின்றன.
வாசலில் பலகை: பச்சை மின்சாரம்.
பச்சையா?
மூன்று தலைமுறையாய் நாங்கள்
கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்த நிறம் அது.

பொய் சொல்லக் கூடாது.
மலையில் அரைப்பேர் விழுந்த மாதத்திலும்
இந்தத் தண்ணீர்தான் எனக்கு முழுச் சம்பளம் தந்தது.

மாசி மாதம், இரவு இரண்டு மணி.
கீழே ஒரு வெளிச்சம்.
திருவிழா இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு கூரைத் தகரம் வெடிக்கும் சத்தம்.
வயர் உருகியதாம், மூன்றாம் காம்பராவில்.
பீலியில் ஒரு குடம் நிறையக்
கால்மணி நேரம் ஆகும்.

கதவுச் சக்கரம் துருப்பிடித்திருந்தது.
சாரத்தைக் கழற்றிச் சுற்றிப் பிடித்துத் திருப்பினேன்.
முதலில் சேறு,
பிறகு கல் உருளும் ஓசை,
பிறகு, நான் சின்ன வயதில் கேட்ட
அந்த இரைச்சல்.
காய்ந்து கிடந்த பாதையை அது மறக்கவில்லை,
லயத்துப் பின்பக்கமாய் இறங்கியது.
மஞ்சள் கோடு எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலு காம்பரா போயிற்று. எட்டு நின்றது.
போனதில் எங்களுடையதும்.
சாம்பலைக் கிளறிய குணவதி
உருகிச் சுருண்ட சீப்பை எடுத்துக் காட்டினாள்,
சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

காலையில் இஞ்சினியர் வந்தார்.
பதினேழு நிமிடம் மெஷின் நின்றிருக்கிறது,
இத்தனை யூனிட் நட்டம், கணக்கு கையில்.
கொப்பியைப் புரட்டி
இரண்டு பத்து என்ற இடத்தில் விரல் வைத்தார்.
அங்கே ஒரே ஒரு சொல்:
ஆறு.

"என்ன சன்னாசி, அங்குலத்தை விட்டுவிட்டாயே?"

விட்டேன் ஐயா.